உயர்தரப் பரீட்சையும் இசட் புள்ளியும் மாணவரின் திறனைச் சரியாக அளக்கின்றனவா?

மட்டுநகர் ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பௌதிகவியல் கற்பித்தவன் என்ற முறையில், நீண்ட காலமாக என் மனத்தில் இருக்கும் கேள்வியொன்றை இங்கே முன்வைக்கிறேன். எழுவான்கரையிலுள்ள நகரப் பாடசாலையொன்றில் உயர்தர மாணவன் மின்தடையை அளக்கும் மீற்றர்ப் பாலத்தைத் தானே பொருத்தி, கல்வனோமானியின் முள் பூச்சியத்துக்கு வரும் இடத்தைத் தானே தேடிக் கண்டுபிடிக்கிறான். படுவான்கரையில் நான் கற்பித்த காலத்தில் அதே பாலத்தைக் கரும்பலகையில் வரைந்துதான் காட்ட முடிந்தது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் பரீட்சையில் இருவருக்கும் வருவது ஒரே அமைப்புக் கட்டுரை வினாதான்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது கிராமத்துப் பிள்ளைக்குப் புள்ளி குறைகிறது என்பது மட்டுமன்று. கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து பழகிய என் மாணவர்களில் சிலர், அந்தப் பாலத்தைக் கண்ணாலும் காணாமல் அந்த வினாவுக்கு ஏறத்தாழ முழுப் புள்ளியும் பெற்றார்கள். அவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் புள்ளி பரிசோதனை செய்யும் ஆற்றலை அளந்ததாக என்னால் சொல்ல முடியாது. விஞ்ஞானப் பாடங்களில் ஐம்பது பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலமும், இரண்டாம் வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலமும் தரப்படுகின்றன. ஆய்வுகூடத் திறனும் அந்த எழுத்துக்குள்ளேயே சோதிக்கப்படுகிறது. ஆக, கற்றும் காட்ட முடியாதவர், கல்லாமலே காட்டிவிடுபவர் ஆகிய இரு சாராரும் ஒரே நிரலில் அடுக்கப்படுகிறார்கள். அந்த நிரலைத் "திறமை" என்று நாம் அழைப்பது நியாயமா?

யாழ் விடைத்தாள் திருத்துநர்

ஆசிரியர் ஐயாவின் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், உயர்தர விடைத்தாள்களைத் திருத்தும் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டுவருபவன் என்ற வகையில், இந்தப் பரீட்சையின் மறுபக்கத்தையும் எழுதுவது என் கடமை. என் மேசைக்கு வரும் விடைத்தாளில் பெயர் இல்லை, பாடசாலை இல்லை, சுட்டெண் மட்டுமே இருக்கிறது. எழுதியவர் அமைச்சரின் மகளா, கடற்றொழிலாளியின் மகனா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. புள்ளியிடும் திட்டம் முன்கூட்டியே கலந்து பேசித் தீர்மானிக்கப்படுகிறது, பிரதம பரீட்சகர் எங்கள் திருத்தத்தைச் சரிபார்க்கிறார், ஐயமுள்ள மாணவர் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். இந்த நாட்டில் வேறு எந்த அரச நடைமுறையில் ஓர் ஏழைப் பிள்ளைக்கு இத்தனை பாதுகாப்பு கிடைக்கிறது?

பரீட்சைப் புள்ளியின் மீது தமிழர்களாகிய நாம் வைத்திருக்கும் பற்றுக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மொழி அடிப்படையிலான தரப்படுத்தல் நடைமுறைக்கு வந்தபோது, பேராதனை மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமானவையாக இருந்தன. தமிழ் மொழிமூல மாணவருக்கோ 250 தேவைப்பட்டன. பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு அந்த எண்கள் முறையே 227, 250. ஒரே பரீட்சை, ஒரே பாடத்திட்டம், ஆனால் இரண்டு வாசல்கள். ஒரு தலைமுறை இளைஞர்கள் அரசின் மீது கொண்டிருந்த நம்பிக்கையை இழந்ததில் அந்த 21 புள்ளிகளுக்குப் பெரிய பங்குண்டு. புள்ளி திறனை முழுமையாக அளக்காமல் இருக்கலாம். ஆனால் புள்ளியைத் தள்ளிவைத்துவிட்டு மனிதர் தீர்மானிக்கத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை நாம் பட்டு அறிந்திருக்கிறோம்.

கொத்மலைக்காரி

திருத்துநர் ஐயா, உங்கள் மேசைக்கு வரும் விடைத்தாள்களைப் பற்றி நீங்கள் எழுதியவை அனைத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் மேசைக்கு வராத விடைத்தாள்களைப் பற்றி நான் எழுத விரும்புகிறேன்.

நம் நாட்டில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் உள்ளன. அவற்றில் 1ஏபி வகைப் பாடசாலைகளில்தான் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. அவை மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. 1சி வகையில் கலையும் வர்த்தகமும் மட்டும் இருக்கும். இரண்டாம் வகைப் பாடசாலைகள் உயர்தரத்துக்கு முந்திய சாதாரண தரப் பரீட்சையுடன் நின்றுவிடும். மலையகத் தோட்டப்புறத்தில் பிறந்த பிள்ளை தமிழ் மொழிமூலம் விஞ்ஞானம் படிக்க விரும்பினால், சாதாரண தரத்தில் என்ன பெறுபேறு எடுத்தாள் என்பதற்கு முன்பே வேறு கேள்விகள் எழுகின்றன. அந்தப் பிரிவு உள்ள பாடசாலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, விடுதியில் தங்க வேண்டுமானால் மாதச் செலவை யார் கட்டுவது, ஒரு பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப வீட்டில் சம்மதிப்பார்களா? நான் கணிதமும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்தவள். கலைப்பிரிவில்தான் படித்தேன், ஏனெனில் நடந்து போகக்கூடிய பாடசாலையில் அதுதான் இருந்தது. என் உயிரியல் திறனை எந்தப் பரீட்சையும் குறைத்து அளக்கவில்லை. அது அளக்கப்படவே இல்லை.

மாவட்ட ஒதுக்கீடு இதைச் சரிசெய்கிறது என்பார்கள். விஞ்ஞானப் பிரிவுகளின் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் நீண்ட காலம் வழங்கப்பட்டு வந்துள்ளன. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. ஆனால் ஒதுக்கீட்டின் பயன், அந்த மாவட்டத்தில் விஞ்ஞானம் படிக்கும் வாய்ப்பு ஏற்கெனவே கிடைத்தவர்களுக்குத்தான் போகிறது. பெரும்பாலும் அவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். குறைந்த வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த புள்ளியைக் கருதி வேறு மாவட்டங்களிலிருந்து வந்து சேர்பவர்களைப் பற்றிய முறைப்பாடுகளையும் இங்குள்ள எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

பேராதனைப் புள்ளிவிபரவியல் மாணவன்

இசட் புள்ளி பற்றிப் பலர் தவறான எண்ணம் கொண்டிருப்பதால், அது எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பதை விளக்கிவிடுகிறேன். 2001ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இது பயன்படுகிறது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து, அந்த ஆண்டில் அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரின் இடையை (சராசரியை) கழித்து, வரும் விடையை நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்துள்ளன என்பதன் அளவால், வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கணித்துச் சராசரி எடுக்கிறார்கள். கடினமான வினாத்தாள் வந்த பாடத்தை எடுத்தவர் நட்டப்படாமல் இருப்பதுதான் இதன் நோக்கம். ஆய்வுகூடம் இல்லாததையோ, ஆசிரியர் இல்லாததையோ இது ஈடுசெய்யாது. அதற்காக உருவாக்கப்பட்ட முறையும் அன்று.

இந்த முறைக்கு ஓர் அடிப்படை எடுகோள் உண்டு: ஒன்றாகக் கணிக்கப்படுபவர்கள் ஒப்பிடத்தக்க ஒரே குழுவினராக இருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டில் பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் தோற்றியவர்களும், புதிய பாடத்திட்டத்தில் முதல் தடவை தோற்றியவர்களும் இருந்தனர். இரு குழுக்களையும் சேர்த்துக் கணித்ததால் பெரும் குழப்பம் ஏற்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2012இல் இரு குழுக்களுக்கும் தனித்தனியாகக் கணிக்குமாறு உத்தரவிடப்பட்டது. விடைத்தாளில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. கணிக்கும் விதம் மாறியதும் நிரல் மாறியது.

அதைவிட முக்கியமானதாக நான் கருதுவது இன்னொன்று. வெட்டுப்புள்ளி நான்கு தசம தானங்களுக்கு வெளியிடப்படுகிறது. ஒரு பாடத்தின் நியம விலகல் 15 என்று எடுத்துக்கொள்வோம். அந்தப் பாடத்தில் ஒரே ஒரு புள்ளி கூடினால் அப்பாடத்தின் இசட் பெறுமானம் ஏறத்தாழ 0.067 கூடும், மூன்று பாடங்களின் சராசரியில் அது 0.022 ஆகும். அதாவது, ஒரு பாடத்தில் ஒரு புள்ளி என்பது நான்காம் தசம தானத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட படிகளுக்குச் சமம். திருத்துநர் ஐயாவிடம் மதிப்புடன் ஒரு கேள்வி: ஒரே கட்டுரை விடையை நேர்மையான இரு பரீட்சகர்கள் தனித்தனியே திருத்தினால், நூற்றுக்கு ஒரு புள்ளிகூட வித்தியாசம் வராது என்று உறுதியளிக்க முடியுமா? முடியாதென்றால், 1.8764 பெற்றவர் மருத்துவராகத் தகுந்தவர், 1.8763 பெற்றவர் தகாதவர் என்று சொல்லும் உரிமை அந்த எண்ணுக்கு எங்கிருந்து வந்தது?

யாழ் விடைத்தாள் திருத்துநர்

உறுதியளிக்க முடியாது. பல்தேர்வு வினாக்களில் அந்தப் பிரச்சினை இல்லை. கட்டுரை விடைகளில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி வேறுபாடு இயல்பானது. எத்தனை திட்டமிட்டாலும் அதை முழுமையாக நீக்கிவிட முடியாது. ஆனால் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. நூறு இடங்கள் இருக்கும்போது நூற்றோராவது பிள்ளை எந்த முறையிலும் வெளியே நிற்கத்தான் வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதற்கு, எல்லோரும் முன்கூட்டியே அறிந்த ஒரு விதி வேண்டும். நான்காம் தசம தானம் திறனின் எல்லை அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது யாரும் யாருக்கும் சலுகை காட்ட முடியாத எல்லை; அதன் பெறுமதி அதுவே.

நெல்லை வாசகர்

தமிழ்நாட்டிலிருந்து இந்த இழையைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எங்களிடமும் இதே விவாதம், மருத்துவப் படிப்புக்கான அகில இந்திய நுழைவுத்தேர்வான நீட் தேர்வைச் சுற்றி நடக்கிறது என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க சில செய்திகளைத் தருகிறேன்.

2006இல் பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையின் பேரில் மாநில நுழைவுத்தேர்வை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டு, பிளஸ் டூ (பன்னிரண்டாம் வகுப்பு) மதிப்பெண் அடிப்படையில் மருத்துவச் சேர்க்கை நடந்தது. 2017 முதல் நீட் கட்டாயமானது. அவ்வாண்டு, பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா, நீட் தேர்வில் 720க்கு 86 மதிப்பெண்தான் பெற்றார்; அவருடைய மரணம் தமிழ்நாட்டை உலுக்கியது. இரண்டுமே பொதுத் தேர்வுகள்.  ஒரே மாணவியைப் பற்றி அவை இத்தனை மாறுபட்ட தீர்ப்பைச் சொன்னால், தேர்வுகள் அளப்பது மாணவரின் உள்ளார்ந்த திறனை மட்டும்தான் என்ற வாதம் நிற்காது.

நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையில் என்னை மிகவும் சிந்திக்கவைத்த தகவல் ஒன்று உண்டு. 2016-17இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களுள் மறுமுறை முயன்றவர்கள் 12.47 விழுக்காடு, 2020-21இல் அது 71.42 விழுக்காடு. ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டுகளோ வேறு வேலை எதுவும் இல்லாமல் பயிற்சி மையத்தில் இருந்து எழுதுவதற்கு வீட்டில் பணம் இருக்க வேண்டும். அந்த ஓராண்டில் மாணவரின் இயல்பான அறிவு பல மடங்கு பெருகிவிடுவதில்லை. தேர்வுக்கான பயிற்சிதான் பெருகுகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்த பிறகே அவர்களால் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஒதுக்கீட்டின் அளவுகோல் மாவட்டமாக இல்லாமல் பள்ளியாக இருப்பது, கொத்மலைச் சகோதரி எழுப்பிய குறைக்கு ஒரு பதிலாகலாம் என்று நினைக்கிறேன்.

நேர்மையாகச் சொல்வதானால், பிளஸ் டூ மதிப்பெண் முறையும் குறையற்றதாக இருக்கவில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பெயருக்கு நடத்திவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகளும் உருப்போட வைத்த தனியார் பள்ளிகள் அதில் பெரும் பயன் அடைந்தன. அதே பிள்ளைகள் கல்லூரியின் முதலாண்டில் திணறியதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வவுனியாத் தந்தை

உயர்தரத்தில் மூன்று தடவை தோற்றலாம் என்பதால் நெல்லை நண்பர் சொன்ன நிலை இங்கும் உண்டு. என் மூத்த மகன் இரண்டாம் தடவையில்தான் பல்கலைக்கழகம் சென்றான். மூன்று பாடங்களுக்கும் தனியார் வகுப்புக் கட்டணத்தை இன்னோராண்டு எங்களால் கட்ட முடிந்ததுதான் அதற்குக் காரணம். அவனோடு முதல் தடவை எழுதி அதே அளவு புள்ளி பெற்ற அயல்வீட்டுப் பிள்ளை கடையொன்றில் வேலைக்குப் போய்விட்டான். 2024 நவம்பரில் வெள்ளத்தால் பரீட்சை இடைநடுவே நிறுத்தப்பட்டுப் பின்னர் தொடர்ந்ததையும் நினைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிள்ளையும் புகாத பிள்ளையும் அதே வினாத்தாளைத்தான் எழுதினார்கள்.

பொஸ்டன்வாசி

யாழ்ப்பாணத்தில் படித்து, இப்போது அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்ப்பவன் நான். பொதுப் பரீட்சையை நீக்கினால் நியாயம் தானாக வந்துவிடும் என்று யாரேனும் எண்ணினால், இங்குள்ள அனுபவத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2020இல் எஸ்ஏடி, ஏசிடி என்ற பொது அனுமதிப் பரீட்சைகளைக் கைவிடத் தீர்மானித்தது. வசதியுள்ள குடும்பங்களுக்கு அவை சாதகமானவை என்ற வாதம் அதற்குப் பின்னால் இருந்தது. ஆனால் எம்ஐடி, பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்திவைத்த அதே பரீட்சைகளை 2022இல் மீண்டும் கட்டாயமாக்கியது. உயர்நிலைக் கணிதப் பாடங்கள் இல்லாத பள்ளிகளில் படித்த திறமையான பிள்ளைகளை அடையாளம் காண அந்தப் புள்ளிகள் உதவுகின்றன என்பது அவர்கள் கூறிய காரணங்களில் ஒன்று.

அதை நான் கண்கூடாகக் காண்கிறேன். பரீட்சைப் புள்ளி இல்லாத விண்ணப்பத்தில் எஞ்சுபவை கட்டுரை, பரிந்துரைக் கடிதம், இசை, விளையாட்டு, கோடைகால ஆய்வுப் பயிற்சி ஆகியவை. இவை ஒவ்வொன்றையும் பணம் கொடுத்து மெருகேற்றலாம். ஆசிரியர் ஐயாவின் படுவான்கரைப் பிள்ளை கடந்தகால வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தனியே போராட முடிந்தது. இந்த விண்ணப்பத்தோடு அவனால் அப்படிப் போராட முடியாது.

கொத்மலைக்காரி

பரீட்சையை நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அண்ணா. எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் வழி என்பதை நானும் அறிவேன். புள்ளி வெளியான பிறகு பத்திரிகைகளிலும் பாடசாலை மதில்களிலும் "திறமை" என்று எழுதிவிட்டு, வராதவர்களைத் திறமையற்றவர்கள் என்று கணக்கில் சேர்க்கும் பழக்கத்தைத்தான் எதிர்க்கிறேன். ஒதுக்கீட்டில் உள்நுழைந்த பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் சக மாணவர்களே "குறைந்த புள்ளியில் வந்தவள்" என்று சொல்லிக் காட்டுகிறார்கள். ஆசிரியரே இல்லாத ஒரு பாடத்தில் 'பி' எடுத்தவளின் உழைப்பு, நான்கு இடங்களில் வகுப்புக்குப் போய் 'ஏ' எடுத்தவரின் உழைப்புக்குக் குறைந்ததன்று.

பேராதனைப் புள்ளிவிபரவியல் மாணவன்

நெல்லை நண்பர் கூறிய பாடசாலை அடிப்படையையும் அளவீட்டுப் பிழையையும் இணைத்து ஒரு முறையை யோசிக்கலாம். வெட்டுப்புள்ளிக்கு மேலும் கீழும், பரீட்சையால் வேறுபடுத்திக் காட்ட முடியாத ஒரு குறுகிய வீச்சு உண்டு. அந்த வீச்சுக்குள் வருபவர்களைச் சமமானவர்களாகக் கருதி, ஆய்வுகூடமோ நிரந்தர விஞ்ஞான ஆசிரியரோ இல்லாத பாடசாலையிலிருந்து வந்தவருக்கு முன்னுரிமை கொடுக்கலாம். அதில் பரீட்சைக்கு முரணானது எதுவும் இல்லை; பரீட்சை சொல்ல முடியாததை அதன் வாயில் திணிக்காமல் இருக்கிறோம், அவ்வளவே.

யாழ் விடைத்தாள் திருத்துநர்

இதில் எனக்கு ஓர் அச்சமும் ஒரு நிபந்தனையும் உண்டு. "வசதியற்ற பாடசாலை" என்ற பட்டியலை யார் தயாரிப்பார்? அரசியல் செல்வாக்குள்ளவர் தம் தொகுதிப் பாடசாலையை அதில் சேர்த்துவிடலாம். தரப்படுத்தலும் பின்தங்கியோருக்கு உதவுதல் என்ற பெயரிலேயே நியாயப்படுத்தப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. பாடசாலையில் எத்தனை விஞ்ஞான ஆசிரியர் எத்தனை மாதம் பணியில் இருந்தனர் என்ற பதிவு கல்வித் திணைக்களத்தில் இருக்கிறது. அந்தப் பதிவைப் பரீட்சைக்கு முன்பே பகிரங்கமாக வெளியிட்டு, எவரும் மறுத்துரைக்க அவகாசம் கொடுத்து, அதன் பின்னர் விதியை நடைமுறைப்படுத்துவதானால் நான் எதிர்க்க மாட்டேன். விதி ஆளைப் பார்க்கக் கூடாது. அது ஒன்றுதான் என் நிபந்தனை.

மட்டுநகர் ஆசிரியர்

திருத்துநர் ஐயாவின் நிபந்தனையிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. புதிய ஒதுக்கீடு வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். தகவலை வெளியிடுவதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை. இப்போது வெட்டுப்புள்ளிகள் மாவட்ட வாரியாக மட்டுமே வெளிவருகின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. மட்டக்களப்பு வலயமும், படுவான்கரையை உள்ளடக்கிய மட்டக்களப்பு மேற்கு வலயமும் அனுமதிக் கணக்கில் ஒரே மாவட்டமாகவே நிற்கின்றன. நுவரெலியா மாவட்டத்திலும் ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த, நுவரெலியா என ஐந்து வலயங்கள் இருக்கின்றன. சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சித்தியடைந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களை வலய வாரியாகப் பெற்றால், கொத்மலைத் தங்கை சொன்ன, அளக்கப்படாத பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

செய்முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதைப் பாடசாலை மட்டத்தில் மதிப்பிடலாம் என்ற யோசனை நல்லதாகத் தோன்றினாலும், ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் அது இன்னொரு அநீதியாகிவிடும். முதலில் அளவி, குழாயி, மீற்றர்ப் பாலம் ஆகியவை உள்ள ஓர் ஆய்வுகூடத்தை ஒவ்வொரு வலயத்திலும் அமைத்து, சுற்றியுள்ள பாடசாலைகளின் உயர்தர மாணவர்கள் முறைவைத்துப் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும். மதிப்பீட்டைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் நம் நாட்டில் உள்ளது. மேற்சொன்ன மூன்று எண்களையும் கேட்டு மட்டக்களப்பு மேற்கு வலயத்துக்கான விண்ணப்பத்தை நான் எழுதுகிறேன். கொத்மலை வலயத்துக்கு எழுத முன்வருபவர் இருந்தால், இருவரும் ஒரே வினாக்களை ஒரே சொற்களில் கேட்பது ஒப்பீட்டுக்கு உதவும். விண்ணப்பத்தின் வரைவை நாளை மாலை இந்த இழையிலேயே இடுகிறேன். எந்த ஆண்டுகளுக்கான தரவைக் கேட்பது என்பதில் பேராதனைத் தம்பியின் ஆலோசனை வேண்டும்.